இறக்கைக்குக் கீழே இருட்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்து நாலு. இப்படியும் சில சமயம் அமைந்துவிடுகிறது.

குரு ரெஜினா விமானங்களைப் படம் எடுப்பவர். சிஷ்யை செல்லத்தாய் பத்து நாளைக்கு முன்புவரை கேமராவைக் கையால் தொட்டதில்லை. அவருடைய கணவர் பூல்பாண்டிக்கு ஊருக்கு வெளியே இருந்த சின்ன விமான நிலையத்தில் வேலை. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். இருபத்தாறு வருடம் வைத்தாயிற்று. வரும் வெள்ளிக்கிழமையோடு ஓய்வு.

"வேலை பாக்கையில எடுத்த படம் ஒண்ணுகூட வீட்ல இல்ல டீச்சர்," என்றார் செல்லத்தாய். "வெயிலு மழைன்னு பாக்காம ஒழைச்சு, ரெண்டு பொம்பளப் பிள்ளைகளப் படிக்க வச்சிருக்காக. என் கையால ஒரே ஒரு படம் எடுத்துக் குடுக்கணும். அதுவரைக்கும் அவுகளுக்குத் தெரியக் கூடாது."

ரெஜினாவின் வீடு நிலையத்து வேலியை ஒட்டி இருந்தது. படம் எடுக்க அவர் முறையாக அனுமதியும் வாங்கியிருந்தார். மொட்டைமாடியில் பாடம் தொடங்கியது.

பூல்பாண்டியின் வேலை நேரத்தில் வருவது ஒரே விமானம்தான். அதுவும் பகல் பன்னிரண்டரைக்கு. மண்டையைப் பிளக்கும் வெயிலில் வெள்ளை விமானம் கண்ணைக் கூசவைக்கும். இறக்கைக்குக் கீழே அடுப்புக்கரி மாதிரி இருட்டு. பூல்பாண்டி கட்டையோடு அந்த இருட்டுக்குள் போவது தெரியும். அப்புறம் ஆளைக் காணோம்.

முதல் நாள் செல்லத்தாய் நிழலுக்கு ஏற்றபடி கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தார். குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. விமானம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"வெள்ளையக் காப்பாத்துங்கக்கா. வெளிச்சத்தக் கொறைங்க," என்றார் ரெஜினா.

"கொறச்சா அவுக இருட்டுல போயிருவாகளே?"

"பால் பொங்கி வழிஞ்சிட்டா அள்ள முடியுமா?"

"எங்கிட்டு அள்ள?"

"பாத்திரத்துக்குள்ள அடியில கெடக்கிறது?"

"அது எங்க போயிரும்? அங்கனதான் கெடக்கும்."

"அப்பக் கொறைங்க."

செல்லத்தாய் குறைத்தார். மனசே இல்லாமல்தான். நாள் தவறாமல் விமானம் படத்தில் பளிச்சென்று விழுந்தது. கணவர்தான் விழவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. விமானம் வந்து நின்றது. செல்லத்தாய் படம் எடுத்துவிட்டு, திரையைப் பார்த்தார். விமானத்தின் பெயரில் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்க முடிந்தது. கீழே அதே கரி.

அவர் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"கெடுத்துட்டீகளே டீச்சர்! இனி எந்தக் காலத்துல அவுக அங்க போயி நிக்கப் போறாக?"

ரெஜினா அவரைக் கீழே அழைத்துப் போய், படத்தைக் கணினியில் போட்டார். வெள்ளையைத் தொடாமல், நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவைத்தார்.

முதலில் சக்கரம் வந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் கட்டை. அப்புறம் ஒரு கால்சட்டை, ஒரு சட்டை, ஒரு முகம். பூல்பாண்டி நிமிர்ந்து நின்று, மொட்டைமாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

ரெஜினாவே எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை எடுத்த படத்தையும் திறந்து வெளுக்கவைத்தார். அதிலும் கை. புதன்கிழமையும் கை.

செல்லத்தாய் கணினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படிக் கும்பிட்டது கணவரையா குருவையா என்று அவருக்கே தெரியாது.

"தெனமுமா கை காட்டியிருக்காக? என் கண்ணுக்கு ஒரு நாள்கூடத் தெரியலையே டீச்சர். அவுகளுக்கு மட்டும் என்னைய எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க நின்னது வெளிச்சத்துலக்கா," என்றார் ரெஜினா. "அவுக நின்ன எடத்துலருந்து பாத்தா, வெளிச்சத்துல நிக்கிறவுக நல்லாத் தெரிவாக."