வீராயி விழுங்கிய மெழுகன்

அந்தக் காலத்தில் மனிதர்களுக்குள் குடியிருப்பவர்களும் வாய்விட்டுப் பேசுவார்கள். எலும்புக்குள் பிறந்து, ரத்தத்தில் மிதந்து வந்து, பிடித்த இடத்தில் இறங்கி வீடு பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு உயிர்கள் அவர்கள். கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அவ்வளவுதான். மற்றபடி பெயர், பசி, வீம்பு, அண்டை வீட்டுச் சண்டை என்று நமக்கு உள்ளதெல்லாம் அவர்களுக்கும் இருந்தது.

சடைச்சி என்றொரு பெண். களத்தில் நெல் தூற்றுவது அவள் வேலை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூசியில் பாதி அவள் மூக்குக்குள்தான் போகும். அதனால் அவள் மார்புக்குள் இருந்த பெருவாயிகளுக்கு ஓய்வே இல்லை. மூச்சோடு வரும் உமி, புழுதி, அடுப்புப் புகை எல்லாவற்றையும் விழுங்கிச் செரித்துக் காற்றறைகளைச் சுத்தமாக வைத்திருப்பது பெருவாயிக் குலத்தாரின் பாடு. ஓர் அறைக்கு ஒரு பெருவாயி. கதவு திறந்தே இருக்கும், ஆனால் ஒருத்தி அறைக்குள் இன்னொருத்தி கால் வைக்கமாட்டாள். போகிற வழியில் தோளோடு தோள் உரசிவிட்டால்கூட மூன்று நாள் பேச்சு இருக்காது.

அவர்களில் வீராயி என்பவள் வலது மார்பின் உச்சியில் இருந்தாள். அந்தப் பக்கத்திலேயே பெரிய வயிறு அவளுக்குத்தான். "என் வயித்துக்குள்ள போனது எதுவும் மறுநாள் பார்த்ததில்ல" என்று சொல்லிக்கொள்வாள். சொன்னதில் பொய்யும் இல்லை.

அவளுடைய அடுத்த அறைக்காரி பேச்சி. பெயர்தான் பேச்சி, வீராயியோடு பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. சடைச்சி ஒருநாள் கடுகு தாளித்தபோது உள்ளே வந்த புகைத்துகள் ஒன்றை இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். நான்தான் முதலில் பார்த்தேன் என்றாள் ஒருத்தி. பார்த்தவளுக்கா, பிடித்தவளுக்கா என்றாள் மற்றவள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான்.

அறுப்புக் காலத்தில் ஒருநாள், உப்பு ஏற்றிய வண்டிக்காரன் ஒருவன் களத்தோரம் மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தான். போகிற வழியில் ஒரு சந்தையில் தன் மாடு பந்தல் காலை இழுத்துக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னான். சொல்லும்போதே இருமினான். சடைச்சி கதையைக் கேட்டு வாய் கொள்ளாமல் சிரித்தாள். வண்டிக்காரனின் இருமலோடு பறந்து வந்த கிருமியான மெழுகன் அந்தச் சிரிப்பின் வழியாக உள்ளே வந்து சேர்ந்தான்.

மெழுகன் குச்சிபோல ஒல்லியானவன். உடம்பு முழுக்க மெழுகு பூசியிருந்தான். வீராயியின் அறை வாசலில் நின்று பணிவாகக் கேட்டான்.

"ஆத்தா, வழிப்போக்கன். தங்க ஒரு இடம் கிடைக்குமா?"

"கிடைக்குமே, என் வயித்துல" என்றாள் வீராயி. ஒரே வாயாக விழுங்கினாள். ஏப்பம்கூட விடவில்லை.

மறுநாள் அவளுடைய வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "இடம் நல்லா இருக்கு ஆத்தா. கதகதன்னு இருக்கு."

வீராயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்த புளிப்பு நீரையெல்லாம் அவன்மேல் கொட்டினாள். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர்போல அது உருண்டு ஓடியது. பிசைந்து பார்த்தாள். முறுக்கிப் பார்த்தாள். அவன் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். சில நாள் கழித்துப் பார்த்தால் ஒருவன் இருவராகியிருந்தான். பிறகு நால்வர்.

"ஒருத்தனாத்தானே வந்தே?"

"எங்களுக்கு எதுலயும் அவசரம் இல்ல ஆத்தா. நிதானமாத்தான் பெருகுவோம்."

அந்தக் குலத்தில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. விழுங்கியதைச் செரிக்க முடியாதவள் யாருக்கும் சொல்லாமல் மூலையில் போய் நின்று வெடித்துச் சாக வேண்டும். அவளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வீராயி அந்த வழக்கத்தை நினைத்து நடுங்கினாள். சாவுக்குப் பயந்து அல்ல. வீராயிக்குச் செரிக்கவில்லையாம் என்று பேச்சியின் காதில் விழுமே, அதற்குப் பயந்து. கதவைச் சாத்திக்கொண்டாள். யாராவது கூப்பிட்டால், "வேலை இருக்கு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. வெளியே சடைச்சிக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. முறத்தைத் தூக்கினால் கை நடுங்கியது. அவள் இருமும்போதெல்லாம் வீராயியின் அறைச் சுவர் ஆடியது.

இருமலைக் கேட்டு, உடம்பின் அடிதடிப் படையான துடியர்கள் ஓடி வந்தார்கள். துடியர்கள் காலையில் பிறந்து மறுநாளுக்குள் முடிந்துபோகிறவர்கள். அதனால் எதையும் விசாரித்துக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. "எங்கே? யாரு? காட்டு!" என்று கத்திக்கொண்டு கூட்டமாக நுழைந்தார்கள். எதிரி வீராயியின் வயிற்றுக்குள் ஒளிந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தார்கள். பேச்சியின் அறைச் சுவர் பாதி சரிந்தது. கடைசியில் வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலெங்கும் விழுந்து சீழாகிப்போனார்கள்.

வீராயி கதவிடுக்கு வழியாக அதைப் பார்த்தாள். இதெல்லாம் என்னால்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

உள்ளிருந்து மெழுகன் மெல்லப் பேசினான். "இப்ப நாங்க பதினாறு பேரு. நீ வெடிச்சேன்னா ஆளுக்கொரு வீடா போயிருவோம். பக்கத்துல ஒரு அம்மா இருக்காளே, சுவரு இடிஞ்சு கிடக்கே, அங்க நான் போறேன். நீ மெதுவா வெடி. அவசரம் இல்ல."

அப்போதுதான் வீராயிக்கு விளங்கியது. வழக்கப்படி வெடித்தால் தன் மானம் தப்பும். அறை அறையாக எல்லோரும் சாவார்கள், சடைச்சியும் சாவாள். வீராயி தன் வயிற்றுக்குள் கைவிட்டு, மெழுகன் ஒருவனின் மேனியிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்தாள். அவன் "ஐயோ" என்றான். அந்தத் துணுக்கைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் தெரியும்படி தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். கதவை அகலத் திறந்து வாசலில் வந்து நின்றாள்.

தனக்குச் செரிக்காததை இப்படி நெற்றியில் ஏந்திக்கொண்டு ஒரு பெருவாயி வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வழியாகக் குண்டுமணி வந்தாள். கழுத்தோரம் நெறி கட்டுகிற இடம்தான் அவளுக்குச் சொந்த ஊர். ஆள் சிறியவள், உருண்டையானவள். ஒருமுறை பார்த்த முகத்தை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

"பெரியம்மா, நெத்தியில என்ன இது? புதுசா இருக்கே."

"என் வயித்துல இருக்கறவன்" என்றாள் வீராயி. "செரிக்கல."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குண்டுமணி அந்தத் துணுக்கை முன்னும் பின்னும் தொட்டுப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள்.

"இதையா இத்தனை நாளா மூடி வச்சிருந்தீங்க? நல்ல ஆளு பெரியம்மா நீங்க! ஒருத்தியால ஆகாதுன்னா ஊரைக் கூப்பிடறது. இந்தாங்க, முதல்ல இதைக் குடிங்க."

அவள் தன் மடியிலிருந்து ஒரு சொட்டுச் சாறு கொடுத்தாள். மிளகுக் கஷாயம்போல அது வீராயியின் உடம்பெல்லாம் ஏறிச் சுட்டது. தளர்ந்திருந்த கைகால்கள் முறுக்கேறின. குண்டுமணி அதற்குள் அறை அறையாக ஓடிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க! எல்லாரும் வாங்க! வீராயி பெரியம்மா வீட்டுக்கு வாங்க!"

முதலில் வந்தவள் பேச்சி. உடம்பெல்லாம் இடிந்த சுவரின் தூசு. வீராயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உள்ள எத்தனை பேரு?" என்றாள் பேச்சி.

"பதினாறு."

"வெடிக்கப் போறியா?"

"அதானே வழக்கம்."

"வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில போடு. நான் பிடிச்சுக்கறேன், நீ வெடிக்காம நில்லு."

சொல்லிக்கொண்டே பேச்சி அவளைக் கட்டிப் பிடித்தாள். பெருவாயிக் குலத்தில் ஒருத்தி இன்னொருத்தியைத் தொட்டதை மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பிறகு ஒருத்தி வந்து பேச்சியின் இடுப்பைப் பிடித்தாள். அவள் தோளை இன்னொருத்தி. வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று கைகோத்துக்கொண்டார்கள். இடைவெளி தெரிந்த இடத்தில் உடம்பைத் தட்டையாக்கி, பாய் முடைந்ததுபோல நெருக்கி நின்றார்கள். வெளிச்சுற்றில் குண்டுமணியின் ஆட்கள் வந்து நின்று, சோர்ந்தவர்களுக்கெல்லாம் சாறு ஊற்றினார்கள்.

நெருக்கிய நெருக்கலில் வேடிக்கை ஒன்று நடந்தது. வீராயிக்கும் பேச்சிக்கும் நடுவில் இருந்த தோல் கரைந்து போயிற்று. இரண்டு பேரும் ஒரே உடம்பாகிவிட்டார்கள். பெருவாயி ஒவ்வொருத்திக்கும் உடம்பின் நடுவே கரு என்று ஒன்று உண்டு. அதுதான் அவளுக்குத் தலை. இப்போது ஒரு வயிற்றுக்கு இரண்டு தலை. பக்கத்தில் நின்றவளும் உள்ளே வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும். கொஞ்ச நேரத்தில் பதினெட்டுத் தலைகளோடு ஒரு பெரிய உடம்பு அங்கே நின்றது.

"யாருடி என் கையைத் தூக்கறது?"

"உன் கையா? நான் என் கைன்னுல்ல நினைச்சேன்!"

"தள்ளுங்கடி, எனக்கு அவனைப் பார்க்கணும். மறைக்குது."

"எனக்கும்தான் பார்க்கணும்!"

எல்லோரும் மெழுகனைப் பார்க்க வேண்டும் என்று அடித்துக்கொண்டதில், தலைகள் எல்லாம் ஓரத்துக்கு நகர்ந்து மாட்டின் லாடம்போல வளைந்து வரிசை கட்டின. யாரும் யாரையும் மறைக்கவில்லை.

"ஏ வீராயி" என்றாள் பேச்சி. "அந்தத் தாளிப்புப் புகையை முதல்ல பார்த்தது நான்தான்."

"இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வயிறுடி. யாரு பார்த்தா என்ன!"

பதினெட்டுத் தலையும் சிரித்தன. ஒரே வயிறு என்பதால் சிரிப்பு குலுங்கிக் குலுங்கி அடங்க நேரமாயிற்று.

கடைசியாக நாராயி வந்தாள். நார் இழுத்து நெய்கிறவள். கூட்டத்தைச் சுற்றி வேலி நெய்யச் சொன்னார்கள். நெய்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. பக்கத்து அறைகளையும் சேர்த்து நெய்ய ஆரம்பித்தபோது குண்டுமணி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"போதும் தாயே! சடைச்சிக்கு மூச்சு விட இடம் வேணும்."

"இப்பத்தான் கை சூடாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு நாராயி முடிச்சுப் போட்டாள்.

கூட்டத்தின் நடுவில் காற்று குறைந்தது. உள்வரிசையில் நின்ற சிலர் மூச்சு முட்டி, கையைக் கோத்தபடியே செத்துத் தயிர்க்கட்டிபோலக் குழைந்தார்கள். யாரும் அவர்களை விட்டு நகரவில்லை. அவர்கள் நின்ற இடத்தை அடுத்த வரிசை இறுக்கிக்கொண்டது. வயிற்றுக்குள் இருந்த மெழுகன்கள் அந்தக் குழைவுக்கு நடுவே வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொண்டார்கள்.

"ஆத்தா, கொஞ்சம் காத்து விடேன்" என்றான் மெழுகன்.

"முடியாது."

"ஒரு வாய் தீனி?"

"அதுவும் இல்ல."

மெழுகன் யோசித்தான். "என்னைக் கொல்ல உங்களால ஆகாது. நான் தூங்குவேன். வருஷக்கணக்கா தூங்குவேன். நீங்க அலுத்துக் கையை விடற அன்னிக்கு எழுந்து வருவேன்."

அவன் சொன்னது பொய் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. வீராயி ஒருமுறை தன்னைச் சுற்றி இருந்த தலைகளைப் பார்த்தாள். இத்தனை காலம் அடுத்த அறையில் இருந்தும் இவர்கள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"நாங்க அலுத்துப்போவோம், செத்தும் போவோம்" என்றாள். "போறவ கையை வர்றவ பிடிச்சுக்குவா. ஆளு மாறும். பிடி மாறாது. நீ தூங்கு, அவசரம் இல்ல."

மெழுகனுக்குக் கொட்டாவி வந்தது. ஒவ்வொருவனாகச் சுருண்டு படுத்தார்கள்.

சில வாரங்களில் சடைச்சிக்குச் சூடு விட்டது. கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று கேட்டு, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். குழம்பின் மணம் மூச்சோடு உள்ளே வந்தபோது மார்புக்குள் ஒரே கொண்டாட்டம். கும்மி அடிக்கலாம் என்றாள் ஒருத்தி. கைதான் காலியாக இல்லையே என்றாள் இன்னொருத்தி. அதனால் கோத்த கையோடு நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் அசைந்து ஆடினார்கள். மற்ற அறைகளில் இருந்தவர்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று தாளம் போட்டார்கள்.

இந்தச் சேதி ரத்தத்தோடு போய், பிறக்கப்போகும் பெருவாயிகளின் காதிலும் விழுந்தது. தாய் வழியாகப் பிள்ளைகளின் உடம்புக்கும் போயிற்று. மெழுகனானாலும் சரி, தைத்து நின்றுவிட்ட மரச்சிராயானாலும் சரி, செரிக்கமுடியாத ஒன்று உள்ளே வந்து தங்கினால் மூலைக்குப் போய் வெடிக்கும் வழக்கத்தை வீராயியின் குலம் அன்றோடு விட்டுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு மனித உடம்பிலும், அப்படிப்பட்ட விருந்தாளி வரும்போதெல்லாம், அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டு, சுற்றி நின்று, கைகோத்து, சிலர் ஒரே உடம்பாகி, நமக்குத் தெரியாமலே நமக்காகக் காவல் நிற்கிறார்கள்.