பனிச்சங்கைத் திருப்பிய அரியநாச்சி

வெகு காலத்துக்கு முன்னாலே, பறவை பேசினாலும் பாறை பேசினாலும் யாரும் ஆச்சரியப்படாத நாளிலே, வேங்கைப்பாடி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவள் பெருந்தேவி என்ற அரசி. அரண்மனைக்குப் பின்னால் ஒரு குன்று, குன்றின் உச்சிக்கு முந்நூறு படி. அரண்மனைக்கு முன்னால் கடைத்தெரு. அந்தத் தெருக்கோடியில் ஓர் ஆப்பக்கடை. கடைக்காரி பெயர் அரியநாச்சி.

அரியநாச்சிக்கு முப்பத்தாறு வயசு. அதில் பதினோரு வருஷமாக மூட்டுவலி. முதலில் விரல்களில் வந்தது, பிறகு மணிக்கட்டில், அப்புறம் முழங்காலில். காலையில் கண் விழித்தால் ஒவ்வொரு மூட்டையும் யாரோ இரவோடு இரவாகப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்ட மாதிரி இருக்கும். வைத்தியர்கள் வந்தார்கள், தைலம் கொடுத்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள். கடைசியில், "இது கூடவே இருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, கூடவே இருக்கட்டும் என்று அவளும் அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டாள். விழித்ததும் எழுந்திருக்க மாட்டாள். படுத்தபடியே கட்டைவிரலை அசைப்பாள், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். வெந்நீரில் கையை நனைத்து விரல் விரலாகப் பிரிப்பாள். கரண்டிப் பிடி கைக்கு அடங்காததால் அதில் துணியைச் சுற்றிப் பருமனாக்கி வைத்திருந்தாள். இத்தனையும் முடிந்து கடை திறக்க நேரமாகும். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள், சோம்பேறி" என்று தெருவில் நாலு பேர் பேசுவார்கள். அது அவள் காதில் விழும். வலியைவிட அது கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும்.

அவள் புருஷன் சடையப்பன் நல்லவன். விடியுமுன் எழுந்து வெந்நீர் போடுகிறவன். ஆனால் பொறுமை கிடையாது. "ஒரே மூச்சில் எழுந்துவிடேன் நாச்சி, எல்லாம் சரியாகிவிடும்" என்பான். பதினோரு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கையில் கருமேகன் என்ற மந்திரவாதி அரசியிடம் வந்து சிம்மாசனத்தைக் கேட்டான். அரசி கொடுக்க மாட்டேன் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். மறுநாள் விடியும் வேளையில் குன்றின் உச்சியில் ஒரு பெரிய வெள்ளைச் சங்கை அதன் வாய் நகரத்தைப் பார்க்கும்படி வைத்தான். சங்கின் வாயிலிருந்து பனி கிளம்பியது. படியில் வழிந்தது, அரண்மனையில் புகுந்தது, தெருவெல்லாம் நிறைந்தது.

பனி பட்டவர்களுக்கெல்லாம் மூட்டு இறுகியது. தண்ணீர் சேந்தியவள் கயிற்றோடு நின்றாள். மாடு கறந்தவன் குந்தியபடியே இருந்தான். பயந்துபோய் உதறினார்கள், திமிறினார்கள். திமிறத் திமிற இன்னும் இறுகியது. வாய் மட்டும்தான் அசைந்தது. ஊரே முனகியது.

அப்போது குன்றின் மேலிருந்து கருமேகனின் குரல் கேட்டது. "வேங்கைப்பாடி ஜனங்களே, சூரியன் மறைந்தால் நீங்கள் எல்லாரும் கல். உங்களில் ஒருவர் மேலே ஏறி வந்து என் சங்கைத் திருப்பிவிட்டால் மந்திரம் போய்விடும். முடிந்தால் வாருங்கள்."

ஆப்பக்கடை வீட்டில் சடையப்பன் அடுப்பின் முன்னால் குனிந்தபடி மாட்டிக்கொண்டிருந்தான்.

"நாச்சி, என்னால் நிமிர முடியவில்லை. உடம்பெல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டது. இது என்ன வலி?"

பாயில் படுத்திருந்த அரியநாச்சிக்கும் பூட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்கு அது தெரிந்த வலி. அவள் திமிறவில்லை. எப்போதும் போலக் கட்டைவிரல் முதலில், கணுக்கால் பிறகு, முழங்கால் கடைசியில். கட்டைவிரல் அசைந்தது. பத்து எண்ணினாள். கணுக்கால் அசைந்தது. இருபது எண்ணினாள். முழங்கால் கொஞ்சம் மடங்கியது. பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"எப்படி எழுந்தாய்?" என்று கேட்டான் சடையப்பன்.

"தினமும் எழுந்திருக்கிற மாதிரிதான்."

"தினமுமா உனக்கு இப்படி இருக்கிறது?"

"இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்."

அவன் கண்ணில் நீர் தளும்பியது. துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை. அவள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"உதறாமல் இருங்க. கட்டைவிரலில் ஆரம்பிங்க. நான் யாராவது நடமாடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்."

வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நடமாடுகிறவர் யாரும் இல்லை. வாள் உருவிய வீரர்கள் உருவியபடியே நின்றார்கள். மல்யுத்தக்காரர்கள்தான் எல்லாரிலும் மோசமாக இறுகிப்போயிருந்தார்கள், அவர்கள்தான் அதிகமாகத் திமிறியவர்கள். அரண்மனை வாசலில் குதிரையில் ஏறப்போன அரசி, ஒரு கால் அங்கவடியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள்.

"யாரம்மா நீ? நீ மட்டும் நடக்கிறாயே."

"ஆப்பக்கடை அரியநாச்சி, அம்மா. எனக்கு இது பழக்கம்."

"உன்னால் முந்நூறு படி ஏற முடியுமா?"

அரியநாச்சி குன்றைப் பார்த்தாள். நல்ல நாளிலேயே வீட்டு வாசற்படி மூன்றை ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவள் அவள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"முந்நூறு தெரியாது அம்மா. ஒரு படி ஏறுவேன். அப்புறம் இன்னொரு படி."

போனாள். ஒரு படிக்கு நல்ல காலை முதலில் வைத்தாள், நோகிற காலை அதன் பக்கத்தில் சேர்த்தாள், ஊன்றுகோலை எடுத்து அடுத்த படியில் வைத்தாள். பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்தாள். வலி தாங்காமல் போன பிறகு உட்காரக்கூடாது, அதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நூறாவது படியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அது பேசியது, குரல் கருமேகனுடையது.

"அரியநாச்சி, திரும்பிப் போ. உன் முழங்கால் வலியை எடுத்துவிடுகிறேன்."

"ஊர்?"

"ஊர் கல்."

"அப்படியென்றால் வலி இருக்கட்டும்" என்றாள். நல்ல கால் முதலில், நோகிற கால் பிறகு. ஏறினாள்.

இருநூறாவது படியில் ஓர் உடும்பு குறுக்கே படுத்திருந்தது. அதன் வாயிலும் அதே குரல்.

"முழங்கால் மட்டுமில்லை, விரல், மணிக்கட்டு, எல்லா வலியையும் எடுத்துவிடுகிறேன். நாளைக் காலையில் ஒரே துள்ளலில் எழுந்து நிற்பாய். திரும்பிப் போ."

இந்தத் தடவை அவள் படியில் உட்கார்ந்தாள். ஒரே துள்ளலில் எழுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது, அவளுக்கு ஞாபகமே வரவில்லை. ஆசையாக இருந்தது.

"ஊர்?" என்றாள் கடைசியில்.

"ஊரை எதற்குக் கேட்கிறாய்? உன்னைச் சோம்பேறி என்று சொன்ன ஊர்தானே. ஒருத்தராவது உன் வலியை நம்பினார்களா?"

"நம்பவில்லை. நிஜம்தான்" என்றாள் அரியநாச்சி. "அதை அவர்களிடமே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. கல்லிடம் போய் நான் என்னத்தைப் பேச?"

உடும்பைத் தாண்டி அடியெடுத்து வைத்தாள். நல்ல கால் முதலில், நோகிற கால் பிறகு.

முந்நூறாவது படியில் கருமேகனே நின்றான். சூரியன் மேற்கு மலையைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. அவன் விரலை நீட்டினான். அவள் வலி இரண்டு மடங்கானது. அவளால் நிற்க முடியவில்லை, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"முடிந்தது" என்றான் அவன்.

அவள் கண்ணை மூடினாள். இப்படிப்பட்ட நாட்களும் அவளுக்கு உண்டு. அடை மழைக்கு முன்னால் வரும், காய்ச்சலோடு வரும். அந்த நாட்களில் சண்டை போடக்கூடாது, வலியின் அலை வந்து கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள், மெதுவாக விட்டாள். பிறகு கட்டைவிரல், கணுக்கால், முழங்கால். எழ முடியவில்லை. சரி, எழ வேண்டாம் என்று உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். நகர்ந்து நகர்ந்து சங்கின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

கருமேகன் தடுக்கவில்லை, சிரித்தான். "பத்து மல்லர்கள் முட்டினாலும் அது அசையாது. பலத்தைக் காட்டக் காட்டக் கனக்கும்."

பலத்தைக் காட்ட அவளிடம் பலம் எங்கே இருந்தது? விரல் மடங்காததால் சங்கைப் பிடிக்கவும் முடியவில்லை. தோளைச் சங்கின்மேல் சாய்த்தாள், அவ்வளவுதான். தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி ஓர் அழுத்தம். எள்ளளவு நகர்ந்தது. ஓய்வெடுத்தாள். இன்னோர் அழுத்தம், இன்னோர் எள்ளளவு. ஓய்வெடுத்தாள். சங்கு ஊரை விட்டுத் திரும்பியது, படியை விட்டுத் திரும்பியது, அதன் வாய் கருமேகனை நேராகப் பார்த்தது.

அவன் சிரிப்பு நின்றது. பாய்ந்து வந்து சங்கைப் பிடித்து முழு மூச்சோடு இழுத்தான். இழுக்க இழுக்க அது கனத்தது. பனி அவன் முகத்தில் அடித்தது, கழுத்து இறுகியது, தோள் இறுகியது. அவன் திமிறினான்.

"திமிறாதே ஐயா. கட்டைவிரலில் ஆரம்பி. மெதுவாக" என்றாள் அரியநாச்சி. எதிரியாக இருந்தாலும் அந்த வலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமே.

"நீ எனக்குச் சொல்லித்தருகிறாயா?" என்று கத்தியபடி அவன் இன்னும் பலமாக இழுத்தான். சூரியன் மறைந்தது. கருமேகன் கல்லானான். சங்கு இரண்டாகப் பிளந்தது, பனி ஆவியாகப் போய்விட்டது.

கீழே ஊர் முழுக்கக் கைகால்கள் அசைகிற சத்தம் கேட்டது. முதலில் படியேறி ஓடி வந்தவன் சடையப்பன். "முதுகில் ஏறிக்கொள் நாச்சி" என்றான். அவள் மறுக்கவில்லை. உதவி கிடைக்கிற இடத்தில் வாங்கிக்கொள்வதும் அவள் கற்றுக்கொண்ட பாடத்தில் ஒன்று.

மூன்றாம் நாள் அரசி சபையைக் கூட்டினாள். அந்தச் சபையில் அரசியைத் தவிர யாரும் உட்காரக்கூடாது என்பது ஏழு தலைமுறை வழக்கம்.

"என்ன வேண்டும், கேள் அம்மா" என்றாள் பெருந்தேவி.

"முதலில் உட்கார ஓர் இடம் வேண்டும் அம்மா. வெகுநேரம் நிற்க என்னால் ஆகாது."

சபை திகைத்தது. தளபதி தயங்கித் தயங்கிக் கேட்டான். "மந்திரம்தான் போய்விட்டதே. உங்கள் வலி போகவில்லையா?"

"அது மந்திரம் இல்லை ஐயா. அது என் உடம்பு. காலையிலும் இருந்தது, நாளைக்கும் இருக்கும்."

ஒரே ஒரு நாள் அந்த வலியைப் பட்ட சபை அது. சோம்பேறி என்று சொன்னவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அரசி சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தாள். அரியநாச்சியின் கையை, விரல் நோகாதபடி உள்ளங்கையில் ஏந்திக் கூட்டிப்போய்ச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தாள். அதன் பிறகு அவள் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி, தெருவுக்குத் தெரு உட்கார ஒரு பலகை, நோவோடு வருகிறவர்களுக்கு வெந்நீர் கொடுக்க ஒரு சத்திரம். அந்தச் சத்திரத்துக்கு அவளே தலைவி.

எல்லாம் பேசி முடிந்ததும் அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். யாரும் சொல்லாமலே சபை வழிவிட்டது. நல்ல கால் முதலில், நோகிற கால் பிறகு. நீளமான சபை அது. அவள் வாசலைத் தாண்ட வெகுநேரம் ஆனது. அதுவரை அரசியும் அமைச்சரும் தளபதியும் கைகட்டி நின்றார்கள், ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

இதுதான் அரியநாச்சியின் கதை. கேட்ட உங்களுக்கும் கைகால் சுகமாக இருக்கட்டும். சுகம் இல்லாத நாளில் பக்கத்தில் வெந்நீர் போட்டுத்தர ஓர் ஆள் இருக்கட்டும்.