எழுதியவர் வாய் திறக்கக் கூடாது

கோயமுத்தூர்ப் பக்கம் கையேடு எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. மோட்டாரை எப்படி மாட்டுவது, குக்கரை எப்படித் திறப்பது என்று தாளில் எழுதிக் கொடுக்கிறவர்களின் சங்கம். அதில் சேருவது லேசுப்பட்ட காரியமில்லை.

சேர வருகிறவர் ஒரு தாள் எழுத வேண்டும். அந்தச் சாமான் உண்மையாகவே தேவைப்படுகிற ஒருவர் கையில் அதைக் கொடுப்பார்கள். அவர் படித்துப் படித்துச் செய்வார். எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வாய் மட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த முறை போயிற்று. மூன்று முறைதான். அப்புறம் ஆயுசுக்கும் விண்ணப்பம் கிடையாது.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு பம்ப் கம்பெனியில் முப்பது வருஷமாக அத்தனை கையேட்டையும் அவர்தான் எழுதினார். புத்தகத்தில் கம்பெனி பேர் இருக்கும், மாடல் நம்பர் இருக்கும். நாச்சிமுத்து என்று ஓர் எழுத்து எங்கேயும் இருக்காது. வேலையை விட்டு வருவதற்குள் அந்தச் சங்கத்தின் பதிவேட்டிலாவது தன் பேரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பசி மாதிரி ஆசை.

சேர வருகிறவருக்கு ஒரு குருவை ஒதுக்குவது வழக்கம். அவருக்கு வாய்த்தவள் சாரதாமணி. முப்பத்து நாலு வயது. முதல் நாள் அவளை அவர், சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, "அம்மிணி" என்றுதான் கூப்பிட்டார்.

முதல் முறை பம்ப். தாளை வாங்கிய விவசாயி வால்வை எதிர்ப்பக்கம் திருகினார். "அட, அது இல்லீங்க" என்று நாச்சிமுத்து பாய்ந்துவிட்டார். போயிற்று.

இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பேசவில்லை. ஆனால் இருமினார். ஒரு தரம் இல்லை, நாலு தரம். கட்டைவிரலால் வேறு ஜாடை காட்டினார். சாரதாமணி சிரித்துக்கொண்டே, இருமலும் பேச்சில்தான் சேர்த்தி என்று எழுதி வைத்தாள்.

அன்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் வாயில் "அம்மிணி" வரவில்லை, "டீச்சர்" என்றுதான் வந்தது.

"எழுதினவன் பக்கத்துலயே நிக்கறேன். ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னா என்னங்க டீச்சர் கெட்டுப் போச்சு?"

அதற்கு அவள் மூன்றாவது தாளுக்கு விஷயத்தைக் கொடுத்தாள். குழந்தைகளுக்கான பவுடர் மருந்து. பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுப்பார்களே, அது.

நாச்சிமுத்து ஆறு நாள் எழுதினார். ஒன்பது வரி, ஒவ்வொன்றும் எண்ணெய் போட்ட சங்கிலி மாதிரி ஓடியது. கீழே கோடு போட்டு, "கவனிக்க" என்று தலைப்பிட்டு, காய்ச்சிய தண்ணீர் முழுக்க ஆறிய பிறகே கலக்க வேண்டும், சூட்டில் மருந்து வீணாகும் என்றும் எழுதினார். தாளை முழுசாகப் படித்துவிட்டுத்தானே எவரும் கையை வைப்பார்கள்.

வியாழக்கிழமை காலை சாரதாமணி அவரை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஜெசிந்தா என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். தலைச்சன் குழந்தைக்கு எட்டு மாதம், மூன்று நாளாகக் காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அப்போதுதான் வாங்கி வந்திருந்தாள். இவர் சங்கத்துக்காரர், சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்று மட்டும் சாரதாமணி சொன்னாள்.

ஜெசிந்தா தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். இப்படி ஒன்று இருப்பது எவ்வளவு நல்லது, தப்பாகச் செய்துவிடுவோமோ என்று காலையிலிருந்து பயமாக இருக்கிறது என்றாள். பிறகு குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு, தாளை அடுப்பு மேடையில் விரித்து, மேலே ஒரு டம்ளரை வைத்தாள்.

ஒரு வரி படிப்பாள். அதைச் செய்வாள். திரும்பி வந்து விரலால் அந்த இடத்தைத் தேடி அடுத்த வரியைப் படிப்பாள்.

முதல் வரி, தண்ணீரைக் காய்ச்சவும். காய்ச்சினாள். இரண்டாவது, பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்க்கவும். தட்டினாள். மூன்றாவது, காய்ச்சிய தண்ணீரை அம்புக்குறி வரை ஊற்றவும்.

ஆவி பறக்கிற தண்ணீரை அவள் தூக்கினாள்.

கீழே இருக்கிறதே, கோடு போட்டிருக்கிறேனே, பார் தாயே, கொஞ்சம் கீழே பார் என்று நாச்சிமுத்து மனசுக்குள் மன்றாடினார். அவள் அம்புக்குறியை மட்டும் பார்த்தாள். ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவில்லை. பாட்டில் சுட்டது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துக் குலுக்கினாள். கை சுடுகிறதே என்று சாரதாமணி கேட்டதற்கு, பரவாயில்லைங்க, மருந்துக்கு அப்படித்தான் போல என்றாள்.

நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றினாள், மறுபடி குலுக்கினாள். ஏழாவது வரிப்படி மூடியில் அளந்தாள். எட்டாவது வரியை உதட்டை அசைத்துப் படித்தாள். உடனே குழந்தைக்குக் கொடுக்கவும். மூடியை வாய்க்கருகே வைத்து ஊதி ஊதி ஆற்றத் தொடங்கினாள். குழந்தை காய்ச்சல் கண்ணால் அவளையே பார்த்தது.

நாச்சிமுத்து பதிவேட்டை நினைத்தார். ஒரு மூச்சு நேரம் நினைத்திருப்பார்.

"கொடுக்காதீங்கம்மா. ஆறின தண்ணியில கலக்கணும். அது வீணாப் போன மருந்து."

ஜெசிந்தா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். படித்த எட்டு வரிகளிலும் மேலிருந்து ஒரு தரம் விரலை ஓட்டினாள்.

"இல்லைங்க சார். ஆற வைக்கணும்னா அங்கேயே போட்டிருப்பாங்களே. எழுதினவங்களுக்குத் தெரியாதுங்களா?"

சொல்லிவிட்டு மூடியைக் குழந்தையின் உதட்டுக்குக் கொண்டு போனாள்.

நாச்சிமுத்து கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றார். யாரென்றே தெரியாத ஒருத்தனை நம்பி, சுடுகிற தன் கையைக்கூட நம்பாமல், ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைத் திறக்கிறாள்.

சாரதாமணியின் கை குறுக்கே வந்து மூடியைப் பொத்தியது. அதட்டவில்லை. தன் பையிலிருந்து அதே மருந்தில் இன்னொரு பாட்டிலையும், ஆற வைத்த தண்ணீரையும் எடுத்தாள். தாளின் அடியை ஜெசிந்தாவுக்குக் காட்டினாள். ஐயோ, அவசரத்தில் நான்தான் கீழே பார்க்கவில்லை, என் தப்புத்தான் என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். அதைக் கேட்கத்தான் நாச்சிமுத்துவால் முடியவில்லை. அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

குழந்தை மருந்தைக் குடித்து, பாதியைத் துப்பி, அழுது, தூங்கிய பிறகுதான் சாரதாமணி வந்தாள். இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

"பதிவேட்டுல என் பேரு இனி வராதுங்களா டீச்சர்?"

"வராதுங்ணா. மூணு முறை ஆயிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆசை இருந்த இடத்தில் இப்போது வேறு என்னவோ உட்கார்ந்திருந்தது. அதற்குப் பேர் தெரியவில்லை. ஒரு பஸ் வந்து போயிற்று. அவர் ஏறவில்லை.

"அவங்க முகத்துக்கு நேரா நின்னு சொன்னனுங்க," என்றார். "என் பேச்சைக் காதுலயே போட்டுக்கலைங்களே."

சாரதாமணி அவரைப் பார்த்தாள்.

"உங்க பேச்சைத் தவிர வேற யார் பேச்சையும் அவங்க கேக்கலைங்ணா."