சந்தனமேட்டு இறக்கம்

ஒரு காட்டில், மரங்களை வெட்டாமல் மரங்களுக்கு நடுவிலேயே ஒரு நகரம் கட்டியிருந்தார்கள். அதற்கு மருதங்காடு என்று பெயர். அங்கே கடைவீதி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்கூட இருந்தது. அந்தப் போலீஸ் ஒரு மயில். வண்டிகளை நிறுத்துவதைவிடத் தோகையை விரித்துக் காட்டுவதில்தான் அதற்கு அக்கறை அதிகம்.

அந்த நகரத்தில் ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டி வந்தது வடமலை என்ற கரடி. டிப்போவில் கிளம்பி, சந்தனமேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். பிறகு அதே வழியில் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக இதே தடம்தான்.

பஸ் சிவப்பாக இருக்கும். அதற்கு வடமலை ‘செவத்தி’ என்று செல்லப்பெயர் வைத்திருந்தது. காலையில் செவத்தியை எழுப்புவது லேசான காரியமில்லை. நாலு தரம் இருமும், ஒரு தரம் உதறும், பிறகு டிப்போவே நடுங்க உறுமும். அந்த உறுமல் கேட்டுத்தான் மருதங்காட்டில் பாதிப் பேர் பல் துலக்கப் போவார்கள். பின்னால் ஒரு கரும்புகை கிளம்பி, மரக்கிளை உயரத்துக்கு நிற்கும்.

ஆனால் செவத்தியின் அழகெல்லாம் இறக்கத்தில்தான் இருந்தது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் வடமலை கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைத்துவிடும். உறுமல் சட்டென்று நிற்கும். பஸ் தன் பாரத்திலேயே உருண்டு இறங்கும். அப்போதுதான் காற்றுச் சத்தம் கேட்கும். பின் சீட்டில் அணில்கள் பேசிக்கொள்வது முன் சீட்டுக்குக் கேட்கும். வளைவுக்கு வளைவு சந்தன வாசம் வரும். ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் ஆற்றங்கரை வந்து சேரும். இப்படி டீசலை மிச்சம் பிடித்ததற்காக வடமலை வருஷா வருஷம் டிப்போவில் முதல் பரிசு வாங்கியது. (நீங்கள் பெரியவர்களாகி பஸ் ஓட்டினால் இன்ஜினை அணைத்து இறங்காதீர்கள், பிள்ளைகளே. வடமலை ஒரு கரடி, யார் சொல்லியும் கேட்காது.)

ஒரு நாள் டிப்போவுக்குப் புது பஸ்கள் வந்தன. டிப்போவின் கூரை முழுக்கச் சூரியத் தகடுகளைப் பரப்பி, அதில் கிடைக்கும் மின்சாரத்தில் ஓடுகிற பஸ்கள். டீசலும் இல்லை, புகையும் இல்லை. செவத்தியைக் கொண்டுபோய் மூலையில் ஒரு கொட்டகையில் நிறுத்தினார்கள். அன்றைக்கு வடமலை மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

டிப்போ மேலாளர் ஏகாம்பரம் என்ற யானை. ஒரு சொல் சொன்னால் அதிலிருந்து மாறாத யானை. அது எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டுச் சொன்னது:

“சமதரையில இந்த வண்டி நல்லா ஓடுது. மேட்டுல ஓடுமாங்கிறதுதான் கேள்வி. வடமலை மூணு நாள் ஓட்டிப் பார்க்கட்டும். மூணு நாளும் வழியில நின்னா, எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிடுறேன். பழைய வண்டியே எல்லாத் தடத்துலயும் ஓடட்டும்.”

வடமலையின் மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. வண்டி நின்றுவிட்டால் செவத்தி திரும்பி வந்துவிடுமே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேண்டுமென்றே வண்டியைக் கெடுக்கிற புத்தி வடமலைக்கு இல்லை. தனக்குத் தெரிந்த திறமை அத்தனையும் காட்டித்தான் ஓட்டியது. வினையே அதில்தான் இருந்தது.

முதல் நாள். புது பஸ்ஸில் கியர் கிடையாது. ஒரு குமிழ்தான். திருப்பினால் முன்னே, நடு, பின்னே என்று மூன்று நிலை. மேட்டின் உச்சியில் வடமலை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தது. உடனே வண்டியின் வேகம் தானாகவே குறைந்தது. யாரோ பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது வடமலைக்கு.

“என்னடா இது, இறக்கத்துல போய் முக்குது?” என்றது.

“ஆமாம் அண்ணே, முக்குது,” என்றது கண்டக்டர் அங்கமுத்து. அங்கமுத்து ஒரு குரங்கு. வடமலை எது சொன்னாலும் ஆமாம் அண்ணே என்பதுதான் அதன் வேலை; டிக்கெட் கொடுப்பது அதற்கு அப்புறம்.

“சார்ஜை மிச்சம் பிடிக்கணும்டா. நம்ம வழியில இறக்குவோம்.”

“ஆமாம் அண்ணே.”

வடமலையின் இடது கை குமிழை நடுவில் திருப்பியது. வண்டி கட்டவிழ்த்து விட்டதுபோல் உருண்டது. பழைய நாட்கள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. வடமலை கண்கலங்கிப் போனது.

டாஷ்போர்டில் சார்ஜைக் காட்டும் ஒரு மீட்டர் இருந்தது. அதன்மேல் வடமலை தன் துண்டைப் போட்டு வைத்திருந்தது. “மீட்டரைப் பார்த்து ஓட்டுறவனெல்லாம் ஒரு டிரைவரா?” என்பது அதன் கட்சி.

சாயங்காலம் கடைசி நடையில், ஏற்றத்தின் பாதியில், வண்டி நின்றுவிட்டது. சார்ஜ் காலி.

இரண்டாம் நாளும் அப்படியே ஆனது. டிப்போவிலிருந்து இன்னொரு வண்டி போய்க் கட்டி இழுத்து வந்தது.

அன்று மாலை டிப்போ வாசலில் தெய்வானை காத்திருந்தது. தெய்வானை ஒரு ஆமை. மூன்றாம் நம்பர் பஸ்ஸைக் கடைவீதிச் சமதரையில் ஓட்டுகிற டிரைவர். எதையும் நிதானமாகப் பார்க்கிற குணம்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“இறக்கத்துல குமிழை நடுவுல போடாதீங்க. வண்டியை அது போக்குல விடுங்க. மீட்டர் மேல இருக்கிற துண்டையும் கொஞ்சம் எடுத்துட்டுப் பாருங்க.”

வடமலைக்குச் சுருக்கென்றது. “பதினெட்டு வருஷம் பரிசு வாங்கினவன் நான். சமதரையில ஊர்ற உனக்கு இறக்கத்தைப் பத்தி என்ன தெரியும் தெய்வானை?”

“எனக்குத் தெரியாதுதான் அண்ணே. மீட்டருக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு ஆமை தன் வழியே போனது.

மூன்றாம் நாள் வடமலை மும்முரமாக இறங்கியது. இன்றைக்குச் சார்ஜை மிச்சம் பிடித்தே தீருவது என்று முடிவு. விளக்கை அணைத்தது, மின்விசிறியை அணைத்தது. பெரிய இறக்கத்தில் மட்டுமில்லை, சின்னச் சின்னச் சரிவிலும் குமிழை நடுவில் போட்டது. சிக்கனம் கூடியதே தவிர, சார்ஜ் நிற்கவில்லை.

கடைசி நடையில், ஆற்றங்கரையிலிருந்து திரும்பும்போது, உச்சிக்கு நூறு அடி இருக்கையில் வண்டி நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள். காட்டெருமை தோள் கொடுத்தது. முள்ளம்பன்றி பின்னால் தள்ள வந்தபோது, “நீ சும்மா இரு தாயி,” என்று மற்றவர்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். மேட்டிலேயே வளை வைத்திருக்கும் முயல் பூவாயியும் தன் பங்குக்குத் தள்ளியது. வடமலை ஸ்டீயரிங்கை ஜன்னல் வழியாகப் பிடித்தபடி நடந்தே தள்ளியது.

“கஷ்டமா இருக்கா பூவாயி?” என்று கேட்டது வடமலை. “செவத்தியா இருந்தா இப்படி நடுவழியில நிக்குமா?”

பூவாயி மூச்சு வாங்கியது. “தினமும் வேணாலும் தள்ளுறேன் அண்ணே.”

“ஏன், அப்படி என்ன இந்த வண்டியில?”

“உங்க மனசு கஷ்டப்படும்னு இத்தனை வருஷம் சொல்லல. செவத்தி மேடு ஏறி வர்ற சத்தம் கேட்டா, என் பிள்ளைங்க ஆறு பேரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வளைக்குள்ள ஓடும். கடைசிக் குட்டிக்கு ராத்திரி பூரா இருமல். இந்த மூணு நாளா அது இருமல.”

தன் செவத்தியின் சத்தம் கேட்டால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் வடமலை நினைத்திருந்தது. தள்ளுகிற வேலையை மட்டும் பார்த்தது.

பஸ் உச்சிக்கு வந்தது. எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். டிப்போ பக்கத்து இறக்கம் கீழே தெரிந்தது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. துண்டுக்கு அடியில் எரிந்ததால் யாரும் பார்க்கவில்லை.

வடமலையின் கை பழக்கப்படி குமிழை நடுவில் திருப்பியது. வண்டி உருண்டது. வேகம் கூடியது. சாயங்காலத் தூறலில் ரோடு நனைந்திருந்தது. முதல் வளைவிலேயே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அண்ணே, மெதுவா,” என்றது அங்கமுத்து. அது ‘ஆமாம் அண்ணே’ இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அடுத்த வளைவில் அங்கமுத்து நிலைதடுமாறி முன்னால் விழுந்தது. பிடிமானத்துக்கு ஒரு கை துண்டைப் பிடித்து இழுத்தது. இன்னொரு கை குமிழைப் பிடித்தது. குமிழ் முன்னே திரும்பிவிட்டது.

வண்டி யாரோ அணைத்துப் பிடித்ததுபோல் நிதானப்பட்டது.

“எடுடா கையை,” என்று வடமலை குமிழைப் பிடித்தது. அப்போதுதான் அதன் கண் மீட்டரில் விழுந்தது. காலியில் கிடந்த முள் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வடமலைக்கு நம்பிக்கை வரவில்லை. குமிழை நடுவில் போட்டது. முள் நின்றது. முன்னே திருப்பியது. முள் ஏறியது. மறுபடி நடுவில் போட்டது. நின்றது. மறுபடி முன்னே. ஏறியது.

“இறக்கத்துல இது சும்மா முக்கல அங்கமுத்து,” என்றது வடமலை மெதுவாக. “ஓட்டத்தைப் பிடிச்சு மின்சாரமா மாத்தி உள்ள சேர்த்துக்குது. மூணு நாளா நான்தான் அதைச் சேர்க்க விடாம பண்ணிட்டேன்.”

அதன்பிறகு அந்தக் கை குமிழைத் தொடவில்லை. இறக்கம் முடிந்தபோது வண்டியில் டிப்போ வரை போகிற அளவுக்குச் சார்ஜ் இருந்தது. யாரும் இழுக்காமல், வண்டி தன் பலத்திலேயே வாசலுக்குள் நுழைந்தது.

ஆனால் மேட்டில் நின்ற செய்தியைக் காகம் அதற்கு முன்பே பறந்து வந்து சொல்லிவிட்டது. ஏகாம்பரம் வாசலில் நின்றது. அதன் தும்பிக்கையில் ஒரு சாவி தொங்கியது. செவத்தியின் சாவி.

“மூணு நாளும் நின்னுடுச்சு,” என்றது யானை. “சொன்ன சொல் சொன்னதுதான். புது வண்டியெல்லாம் நாளைக்குத் திரும்பிப் போகுது. இந்தா வடமலை, உன் பழைய வண்டியை எடுத்துக்கோ.”

சாவி வடமலையின் உள்ளங்கையில் விழுந்தது. பதினெட்டு வருஷம் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த சாவி. கொட்டகையில் செவத்தியின் முகம் தெரிந்தது. நாளைக் காலையில் நாலு தரம் இருமி, ஒரு தரம் உதறி, உறுமிக்கொண்டு எழும். உச்சியில் இன்ஜினை அணைத்தால் காற்றுச் சத்தம் கேட்கும். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். வடமலைக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லி முடியாது.

பஸ்ஸிலிருந்து பூவாயி இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் எதையோ வாங்கிக்கொண்டு மறுபடி மேட்டுக்கு நடக்க வேண்டும் அது.

வடமலை சாவியை நீட்டியது. “வேண்டாங்க.”

“ஏன்?”

“வண்டி நிக்கலைங்க. நான்தான் நிறுத்தினேன். இறக்கத்துல அது சேர்க்கிறதை எல்லாம் நடுவுல போட்டுப் போட்டு வீணாக்கிட்டேன். தெய்வானை சொல்லிச்சு. நான் கேக்கல. தப்பு முழுக்க என்னோடது.”

“ஆமாம் அண்ணே,” என்றது அங்கமுத்து.

யாரும் சிரிக்கவில்லை. யானை சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

“அப்படின்னா இந்த மூணு நாள் கணக்குல இல்லை. புது வண்டி இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு ஏழாம் நம்பரை யார் ஓட்டுறது?”

“தெய்வானை ஓட்டட்டுங்க,” என்றது வடமலை. “நான் பின்னால உக்காந்து கத்துக்கிறேன்.”

மறுநாள் தெய்வானை ஏழாம் நம்பரை ஓட்டியது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் வடமலை உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் அது பயணியாக உட்காருவது அதுதான் முதல் தடவை. உச்சி வந்ததும் அதன் இடது கை தானாக எழுந்து காற்றில் கியரைத் தேடியது. வடமலை வலது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டது. ஆற்றங்கரை வரும்வரை விடவில்லை.

நீதி: நேற்று நமக்குப் பேர் வாங்கித் தந்த பழக்கமே ஆனாலும், இன்றைக்கும் அது நன்மை செய்கிறதா என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.