நீலம் எரிந்த குடா

"சோறு இறங்க மாட்டேங்குது பாவா," என்றான் மீரான்.

தோணிக்காரன். போன வருஷம் தம்பி நெய்னாவைக் கடலுக்குக் கொடுத்தவன். ஊரே ஆறுதல் சொல்லி ஓய்ந்துவிட்டது. கடைசியில் தர்காப் பெரியவர் பாவாவிடம் வந்து நிற்கிறான்.

"யார் போடுற சோறு?"

"நெய்னா பொண்டாட்டி பல்கீஸ். 'இருட்டுல நீங்க என்ன செய்வீங்க காக்கா'ன்னு, கூடப்பொறந்த அண்ணன் மாதிரி, சொல்லிச் சொல்லிப் போடுறா."

"இருட்டா?"

"கும்மிருட்டு பாவா. கால் தவறி விழுந்தான். விழுந்தவன் எங்கேன்னே தெரியல."

"அன்னைக்கு மீன் பட்டுச்சா?"

"வலையே போடல. கடல் நீலமா மினுங்கி எரிஞ்சுது. மீனு வலையைக் கண்டுக்கும்னு திரும்பிட்டோம்."

பாவா தாடியைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"இப்பவும் குடாவுல எரியுதாமே. ராத்திரி தோணியை எடு. நான் பார்த்ததில்ல."

"அங்கே வேணாம் பாவா."

"எடுன்னா எடு."

அன்றைக்கு நிலா இல்லை. துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலமாக எரிந்து அணைந்தது. அசையாத தண்ணீர் கறுப்பாகவே கிடந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மீரான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவன் விழுந்தது எந்த இடம்?"

கை காட்டினான்.

பாவா எழுந்தார். தொப்பென்று குதித்துவிட்டார்.

அந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. ஊரறிந்த விஷயம்.

தண்ணீருக்குள் இரண்டு கைகள் நீலமாக அடித்துக்கொண்டன. விரல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"யா அல்லா!"

மீரான் தண்ணீரில் பாய்ந்தான். எது கைக்குக் கிடைத்ததோ அதைப் பிடித்தான். தாடி. இழுத்துத் தோணிக்குள் போட்டான்.

பாவா உப்புத்தண்ணீரைக் கக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"கும்மிருட்டாச்சே," என்றார். "என்னை எப்படிடா கண்டே?"

மீரான் முகத்தில் அறைந்துகொண்டு அழுதான்.

"தெரிஞ்சுது பாவா. அன்னைக்கும் இப்படித்தான். கை ரெண்டும் தெரிஞ்சுது. அணையுற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். பயம் பாவா. தோணியைப் பிடிச்ச கையை எடுக்க முடியல."

பாவா தலையைக்கூடத் துவட்டவில்லை.

"இதை ஏன்டா என்கிட்ட சொல்றே?"

மீரான் துடுப்பை எடுத்தான். கரை தட்டியதும், ஈரத்துணியோடு, பல்கீஸ் வீட்டுப் பக்கம் நடந்தான்.