தலைவர் தந்த ஜாமீன்

அரிசி ஆலை அதிபர் வைரவசுந்தரத்தின் மகன், நன்கொடை கொடுத்துச் சேர்ந்த கல்லூரியை விட்டு ஓடிவந்த அதே மாதத்தில், அவருடைய கார் ஓட்டுநரின் மகள் செம்மலருக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. அன்று முதல் அதிபருக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்க் கல்விச் சங்கத்தின் தலைவரும் அவரே. அங்கே படிப்புக் கடன் பெற உறுப்பினர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அவரோ வீடு வீடாகச் சென்று, செம்மலருக்கு யாரும் ஜாமீன் நிற்காதபடி தடுத்துவிட்டு, கூட்டத்தில் கடன் கேட்டு வந்து நின்ற அவளைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

“நீ தேறிடுவேன்னு நம்புற உறுப்பினர் ஒருத்தரைக் காட்டு, பிள்ளே!”

“நீங்கதான் ஐயா. நான் தோத்துடுவேன்னு நினைச்சிருந்தா, இந்த வெயில்ல வீடு வீடா அலைஞ்சிருப்பீங்களா?”

சபை கொல்லென்று சிரித்தது. மறுத்தால் பொறாமை அம்பலமாகிவிடும். தலைவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். நாலாபுறமிருந்தும் பேனாக்கள் நீண்டன.