கணக்கர் வீட்டுத் தீட்டு

முன்னொரு காலத்தில், நெல்லுக்கும் வழக்குக்கும் பஞ்சமில்லாத ஒரு நாட்டை, நினைத்த நேரத்தில் நினைத்ததைக் கேட்கிற ராஜா ஒருவர் ஆண்டு வந்தார். அவருடைய சபையில் கூத்தபிரான் என்றொரு விகடகவி இருந்தான். ஊரையே சிரிக்க வைக்கிற அவனுக்கு அந்த வாரம் சிரிப்பே வரவில்லை. அரண்மனைக் கணக்கர் திருமலைக்கொழுந்து, அவனுடைய முப்பது வருஷத்துச் சிநேகிதர், செத்துப்போயிருந்தார். சேதி வந்தபோது கூத்தபிரான் சபை நடுவே குரங்காட்டி வேஷம் கட்டி நின்றான். ராஜா கைதட்டிக்கொண்டிருந்தார். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் சுடுகாட்டுக்கு ஓட முடிந்தது. அதற்குள் சிதை பாதி எரிந்துவிட்டது.

கணக்கரின் மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்குப் பிள்ளை கிடையாது. ஆற்று வெள்ளத்தில் கரை ஒதுங்கிய கைக்குழந்தை ஒன்றை எடுத்து, வடிவு என்று பெயர் வைத்து வளர்த்தார். அவளுக்கு இப்போது பதினெட்டு வயது.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஏழாம் நாள், பொக்கிஷ அதிகாரி உலகநாதர் கணக்கரின் ஓலைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, இறந்தவர் என் பெரியப்பா மகன். அவருக்கு இருக்கும் ஒரே பங்காளி நான். வீடும் நிலமும் எனக்குத்தான் சேர வேண்டும். அந்தப் பெண்ணோ வெளியேற மறுக்கிறாள். இதோ, அவர் கைப்பட எழுதிய வீட்டுக் கணக்கு. பதினெட்டு வருஷத்தில் ஓரிடத்திலாவது மகள் என்று எழுதியிருக்கிறாரா? 'குழந்தைக்குப் பால் அரைப்படி' என்றுதான் இருக்கிறது. அதுவும் பசுவுக்குப் பிண்ணாக்கு வாங்கியதற்குக் கீழே! பசு வாரிசாகுமா?"

சபை சிரித்தது. கூத்தபிரான் மட்டும் அந்த ஓலைக்கட்டையே பார்த்தான். அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டபோது பத்து நாள் கையில் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தாரே மனிதர், அதை எந்த ஓலையில் தேடுவது?

"அந்தப் பெண் எங்கே?" என்றார் ராஜா.

"வாசலில் நிற்கிறாள் மகாராஜா. உள்ளே வர மறுக்கிறாள். மடியில் கனம் இருக்கிறது, வழியில் பயம் வருகிறது" என்ற உலகநாதர், ஓரக்கண்ணால் கூத்தபிரானைப் பார்த்தார். "இறந்தவரே சாட்சி சொன்னால் வழக்கு தீர்ந்துவிடும். நம் விகடகவியால் ஆகாததும் உண்டோ?"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "கூத்தபிரான்! உச்சிப்பொழுதுக்குள் கணக்கரின் சாட்சியைக் கொண்டு வா. முடியாவிட்டால் வீடு உலகநாதருக்கு."

கூத்தபிரான் வெளியே வந்தான். வடிவு தலைவாராமல் வெயிலில் நின்றிருந்தாள்.

"உள்ளே வாம்மா. ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"தீட்டு மாமா. பதினாறு கழியாம அரண்மனைப் படிய மிதிக்கக் கூடாது. அப்பாவுக்கு ஆகாது."

"வீடு போயிரும் கண்ணு."

"போனாப் போகட்டும். அப்பாவுக்குத் துக்கம் காக்க ஒரு மரத்தடி கிடைக்காதா?"

கூத்தபிரான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சபைக்குத் திரும்பினான்.

"சாட்சி கிடைத்துவிட்டது, மகாராஜா. செத்தவர் வாயால் பேசமாட்டார், தீட்டால் பேசுவார். தம் மனிதர் யாரோ அவர்களைத் தொட்டுவிட்டுத்தான் போவார். வாசலில் நிற்கும் பெண் உள்ளே வராததும் அந்தத் தீட்டுக்காகத்தான். அதிகாரி ஐயா, பங்காளிக்குத் தீட்டு எத்தனை நாள்?"

"பதினாறு நாள். இது தெரியாதா?"

"அந்த நாட்களில் கோயிலுக்குப் போகலாமா?"

"சிவ சிவா! கோபுர வாசலைக்கூட மிதிக்கலாகாது."

"கணக்கர் போன மூன்றாம் நாள் தேரோட்டம். அன்று சந்நிதியில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றவர் யார், மகாராஜா?"

ராஜா மெல்லத் திரும்பினார். "உலகநாதர்தான். நானே பக்கத்தில் நின்றேன்."

"தீட்டோடு சந்நிதியை மிதித்தவனுக்கு நாடு கடத்தல் என்பது தங்கள் சட்டம். ஐயா இப்போது சொல்லட்டும். பங்காளியா, இல்லையா? பங்காளி என்றால் வீடு அவருக்கே. எல்லைக்கு அப்பால் அதைத் தூக்கிக்கொண்டு போவது அவர் பாடு."

உலகநாதர் ஆப்பசைத்த குரங்காய் விழித்தார். "பங்காளி என்று சொல்வதற்கில்லை, மகாராஜா. ஏதோ ஒரே ஊர்க்காரர்" என்று இழுத்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "தீட்டுக் காப்பவளே மகள். வீடும் நிலமும் ஓலைக்கட்டும் அவளுக்கே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, "கூத்தபிரான், உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, கிராமமா?" என்றார்.

கூத்தபிரான் கைகூப்பினான். "மகாராஜா, அவர் எனக்கு ரத்த உறவு இல்லை. முறைப்படி எனக்குத் தீட்டு கிடையாது. அதனால் ஏழு நாளும் இங்கே வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கிறது. எனக்குப் பங்கு வேண்டாம். தீட்டு மட்டும் கொடுங்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. சரியென்று தலையசைத்தார்.

கூத்தபிரான் தலைப்பாகையைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போனான். வெயிலில் வடிவுக்குப் பக்கத்தில் போய் நின்று, வாய்விட்டு அழுதான்.